ஆதாரம்மாவும் முப்பது விநாடி மாவும்

காலை வணக்கம் என்று ஒரு ரோஜாப்பூ படத்தை அனுப்பினால், பதிலுக்கு 'இது எந்த ஊர்ப் பூ, யார் எடுத்த படம்?' என்று கேட்கக்கூடிய மனுஷி இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் புனேயில் இருக்கிறார். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். அவர் எதிரில் மட்டும் சொல்ல மாட்டேன், உலகம் முழுக்க விசாரித்தீர்களா என்று கேட்பார்.

புனேயை ஒட்டிய நிக்டியில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டினேன். போன வருடம்தான் ஊர் திரும்பினேன். அந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு மன்றம் உண்டு. மன்றத்துக்கு ஒரு நூலகம் உண்டு. ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரே அறை, ஒன்பது பீரோ, நடுவில் ஒரு நீள மேசை. மேசைக்குப் பின்னால் அவர். பொறியியல் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் நூலகராக இருந்து ஓய்வு பெற்று, சம்பளம் இல்லாமல் இங்கே வந்து உட்கார்ந்தவர். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். புனேக்கு வந்து நாற்பது வருடமாகியும் அவருடைய மராத்தியில் கூடத் தாமிரபரணித் தண்ணீர் ஓடும். உண்மைப் பெயர் என்னவென்று எனக்குக் கடைசி வரை தெரியாது. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது 'ஆதாரம்?' என்று கேட்பார். அதோடு யாரோ 'அம்மா'வைச் சேர்த்துவிட்டார்கள். ஆதாரம்மா ஆகிவிட்டார்.

இந்தப் பெயரால் ஒரு வேடிக்கை நடந்தது. ஆட்டோ ஓட்டும் மராத்திக்காரர் ஒருவர், ஆதார் அட்டையில் விலாசம் மாற்ற வேண்டும் என்று காகிதக் கட்டோடு படியேறி வந்து நின்றார். கீழே ஹார்டுவேர் கடைக்காரர்தான், 'ஆதார் அம்மாதானே, மாடியில் இருக்கிறார்' என்று அனுப்பியிருக்கிறார். வேறு யாராவது என்றால் சிரித்து அனுப்பியிருப்பார்கள். அவர் ஆட்டோக்காரரை உட்கார வைத்து, என்னென்ன காகிதம் வேண்டும், எந்த அலுவலகம், எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது என்று அரை மணி நேரம் தேடி, ஒரு அட்டையில் மராத்தியில் எழுதிக் கொடுத்தார் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது; எழுதிக் கொடுத்தார். அதோடு விடவில்லை. வந்தது வந்தீர்கள் என்று நூலக உறுப்பினராகவும் சேர்த்துவிட்டார். தமிழில் ஓர் எழுத்து தெரியாத அந்த மனிதர், பெரிய உலகப்பட நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், வருடம் முழுக்கத் தவணை நீட்டித்துக்கொண்டே இருந்தார். அவர் மகள் பூகோளத்தில் வகுப்பிலேயே முதலாக வந்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

மன்றத்துப் பொருளாளருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பொருளாளர் காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்குள் மன்றத்து வாட்ஸ்அப் குரூப்பில் எட்டு ஃபார்வர்டு போட்டுவிடுவார். ஒரு நாள், வெண்பூசணிச் சாறு குடித்தால் மூட்டுவலி பறந்துவிடும் என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததாக ஒன்று வந்தது. அடுத்த நிமிடமே கீழே இவருடைய கேள்விகள். எந்த நாடு? எந்த விஞ்ஞானி? எத்தனை மூட்டு? பொருளாளர் குரூப்பை விட்டே வெளியேறினார். அன்று மாலை அவர் வீட்டு அழைப்பு மணி அடித்தது.

"குரூப்ப விட்டுப் போயிட்டா கேள்வியும் போயிருமா? நான் நேர்லயே கேக்குதேன்" என்று வாசலில் நின்றார் ஆதாரம்மா.

"மேடம், எனக்கு என் மச்சான் அனுப்பினது. நல்ல விஷயம்தானேன்னு போட்டேன்."

"உங்க மச்சானுக்கு மூட்டுவலி போயிட்டா?"

பொருளாளர் யோசித்தார். "அவனுக்கு மூட்டுவலியே இல்லையே."

"இதத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தார். பொருளாளரை மறுநாளே குரூப்பில் சேர்த்ததும் அவர்தான். "ஃபார்வர்டு அனுப்புத ஆள் கண்ணுக்கு முன்னால இருக்கணும் தம்பி. வெளிய விட்டா பிடிக்க முடியாது" என்று எனக்கு விளக்கம் கொடுத்தார்.

இதை வைத்து அவர் செல்போனுக்கு விரோதி, புத்தகப் புழு என்று நினைத்துவிடாதீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 'இனிமே யாரு சார் புக்கு படிக்கிறா' என்று பொருளாளர் தலைமையில் தீர்மானம் போட்டு, டிஜிட்டல் நூலகம் என்ற பெயரில் ஆள் உயரத்துக்கு ஒரு டிவியை வாங்கிக்கொண்டு போய் இறக்கினோம். அவர் சண்டை போடப்போகிறார் என்று நாலைந்து பேர் தைரியத்துக்குச் சேர்ந்தே போனோம். அவர் டிவியைச் சுற்றி ஒரு தடவை வந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். "இத எப்படிப் போடணும்?" என்றார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கையேட்டை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று நாளில் தானே கற்றுக்கொண்டார். கதைகளைத் தன் குரலில் வாசித்துப் பதிவு செய்தார். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தெரியாது. 'ஆன்ட்டி, படிக்க நஹி வருது, சுன்னா சலேகா' என்று மூன்று மொழியைக் குழப்பி, கேட்டால் போதும் என்று வந்து உட்காருவார்கள்.

"போன் மேல எனக்கு என்ன கோவம்?" என்றார் ஒரு தடவை. "அட்டையும் இல்லாம, எழுதினவர் பேரும் இல்லாம, முதல் பக்கத்தையும் கிழிச்சிட்டு ஒரு புஸ்தகத்தக் கையில கொடுத்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுல எல்லாம் வருது. நான் அந்த முதல் பக்கத்தத் தேடுதேன், அவ்வளவுதான்."

இப்போது மாவு பாய் விஷயத்துக்கு வருகிறேன். இதில் என் பங்கும் இருப்பதால் கொஞ்சம் தயக்கத்தோடுதான் வருகிறேன்.

மாவு பாய் கடையநல்லூர்க்காரர். நிக்டியில் இட்லி மாவு அரைத்து விற்பவர். தமிழர்கள் மட்டுமில்லை, மராத்திக் குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவோடு அவர் கடையில் வரிசையில் நிற்கும். பதினைந்து வருடத்தில் ஒரு நாள்கூட அவர் மாவு புளித்துப்போனதாக யாரும் சொன்னதில்லை.

ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை எங்கள் மன்றத்துக் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. முப்பது விநாடிதான். ஒரு கை, ஒரு பெரிய வாளி நிறைய வெள்ளை மாவு. அந்தக் கை ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீல நிறத்தில் ஏதோ தூளைக் கொட்டிக் கலக்குகிறது. முகம் தெரியாது. பேச்சு கிடையாது. கலக்கிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். மேலே ஒரு வரி: 'நம்ம ஏரியாவிலேயே இட்லி மாவில் இப்படிக் கலக்கிறார்களாம். ஜாக்கிரதை.'

அதைப் போட்டவன் நான்.

அடுத்து பொருளாளர், 'நம்ம மாவு பாய் கடையா?' என்று கேட்டு வேறு மூன்று குரூப்புகளுக்கு அனுப்பினார். அங்கிருந்து கிளம்பியபோது அந்தக் கேள்விக்குறி எங்கோ விழுந்துவிட்டது. ஞாயிறு காலையில் பாய் கடைக்கு ஒரு டப்பாகூட வரவில்லை. திங்கள்கிழமை நான் அந்த வழியாகப் போனேன். விற்காத மாவெல்லாம் பொங்கி, பாத்திரத்தை மீறித் தரையில் வழிந்துகொண்டிருந்தது. பாய் அதைத் துடைக்கக்கூட இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாதி இறக்கியிருந்த ஷட்டரில் யாரோ கரியால் ஏதோ கிறுக்கியிருந்தார்கள். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. மாவைப் பற்றி மட்டும் எழுதவில்லை, அவரைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். கடைச் சொந்தக்காரர் வந்து, வர்ற ஞாயிற்றுக்கிழமைக்குள் இடத்தைக் காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் நேராக நூலகத்துக்குப் போனேன். பாவமன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் அது பொய். நான் அனுப்பியதில் தவறில்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று போனேன்.

ஆதாரம்மா வீடியோவை மூன்று தடவை பார்த்தார். பிறகு பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய கிண்ணத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். காய்ந்துபோன வெள்ளைப் பசை. லேசான நீலம்.

"இது மாவு இல்ல தம்பி. மைதாப் பசை. புஸ்தகம் பைண்டு பண்ணுத பசை. அந்த நீலத் தூள் மயில்துத்தம். பூச்சி அரிக்காம இருக்கக் கலக்குதது. முப்பது வருஷமா என் கையால கலக்கியிருக்கேன்."

எனக்கு உயிர் வந்தது. அப்போதே குரூப்பில் போடச் சொன்னேன். போட்டார். பொருளாளரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை பதில் வந்தது: 'ஆதாரம்?'

வாழ்நாளெல்லாம் காத்திருந்து கேட்டிருப்பார் போலிருக்கிறது. நான் கொதித்துவிட்டேன். ஆதாரம்மாவுக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சரியான கேள்வில்லா? நான் சொன்னா ஆச்சா? முழு வீடியோ எங்கயோ இருக்கு. அத எடுத்துட்டு வந்துருவோம். ஞாயித்துக்கிழமைதானே கெடு. இன்னைக்குத் திங்கள்தான்." ஒரு கட்டு வெற்று அட்டைகளை எடுத்து மேசையில் தட்டி அடுக்கினார். முதல் அட்டையில் என் பெயரை எழுதினார். "சொல்லுங்க. உங்களுக்கு யார் அனுப்பினா?"

எனக்கு அனுப்பியவர் ஔந்தில் இருக்கும் என் அலுவலக நண்பர் குல்கர்ணி.

"அவர் என்ன எழுதி அனுப்பினாரு? அப்படியே வாசிங்க."

வாசித்தேன். 'இது உங்கள் இட்லி மாவு மாதிரி இருக்கிறதே, உங்கள் பக்கம் விசாரித்துப் பார்' என்று இந்தியில் இருந்தது.

அவர் அதை அட்டையில் எழுதினார். அதற்குக் கீழே நான் எழுதியதையும் எழுதினார். இரண்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "அவர் விசாரின்னுதான் சொல்லியிருக்காரு. 'நம்ம ஏரியாவிலேயே' எங்கன இருந்து வந்துச்சு?"

அந்த வரியின் கீழே மெல்லியதாக ஒரு கோடு மட்டும் போட்டார். என் மேலதிகாரிகள் என்னை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடு மாதிரி எதுவும் சுட்டதில்லை.

செவ்வாய் மாலை ஔந்துக்குக் கிளம்பினோம். அவருடைய ஸ்கூட்டரில்தான் போகவேண்டும் என்றார். பின்னால் உட்காருபவருக்காக ஒரு ஹெல்மெட் வைத்திருந்தார். அதில் வெள்ளைப் பெயின்டால், நூலகப் புத்தகத்துக்குப் போடுவது மாதிரி, பதிவு எண் எழுதியிருந்தது. முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அந்த ஸ்கூட்டர் போய் யாரும் பார்த்ததில்லை. நெடுஞ்சாலையில் சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்து வணங்கினார்.

குல்கர்ணி போஹா என்ற அவல் உப்புமாவும் டீயும் கொடுத்தார். வந்த காரணம் தெரிந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டார். "தாயி, நான் யாருக்கும் கெட்டது நினைக்கவில்லை" என்றார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. இவர் அதைத் தமிழ்த் தாயி என்றே எடுத்துக்கொண்டு, "பயப்படாதீங்க, யார் அனுப்பினான்னு மட்டும் சொல்லுங்க" என்று மராத்தியில் கேட்டார். கடக்வாஸ்லாவில் இருக்கும் அவருடைய சித்தி ஸ்டேட்டஸில் வைத்திருந்தாராம். அதைப் பார்த்து எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். சித்தி எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'என்ன மாவு இது?'

"ஸ்டேட்டஸ்ல எவ்வளவு நீள வீடியோ வைக்கலாம்?" என்று கேட்டார் ஆதாரம்மா.

சித்தியின் போன் பழைய மாடல், முப்பது விநாடிக்கு மேல் எடுக்காது, மிச்சத்தை வெட்டிவிடும் என்றார் குல்கர்ணி.

ஆதாரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனுஷி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. "கிழிஞ்ச பக்கம் அங்கதான் இருக்கு" என்றார்.

புதன்கிழமை மழை கொட்டியது. நாளைக்குப் போகலாமே என்றேன். "பாய் கடையில நாளைக்கும் மாவு விக்காது" என்று ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். நிக்டியிலிருந்து கடக்வாஸ்லாவுக்கு ஊரையே குறுக்கே கடக்கவேண்டும். எல்லாப் பள்ளத்தையும் அவர் நின்று, பார்த்து, விசாரித்துவிட்டு இறங்கினார். அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று லீவு சொல்லியிருந்தேன். கடக்வாஸ்லா அணைக்கட்டைப் பார்த்தபோது நிஜமாகவே வலித்தது.

குல்கர்ணியின் சித்தி எழுபது வயதுக்காரர். நாங்கள் இருவரும் சொட்டச் சொட்ட வாசலில் நிற்பதைப் பார்த்துத் துண்டு கொடுத்துவிட்டுத்தான் பேசவே விட்டார். அவருக்கு அந்த வீடியோவை அனுப்பியவர் அதே குடியிருப்பில் மேல் மாடியில் இருக்கும் ராணுவத்து ஆள், ரிட்டயர்டு சுபேதார். 'தெரியாததால்தானே கேட்டேன். கேட்டது தப்பா?' என்றார் சித்தி.

"கேட்டது தப்பே இல்ல. பதில் வர வரைக்கும் அடுத்தவங்க காத்திருக்கல, அதான் தப்பு" என்று மராத்தியில் சொல்லிவிட்டு மூன்றாவது அட்டையை எழுதிக்கொண்டு மாடி ஏறினார்.

கதவைத் திறந்த சுபேதார் விருதுநகர்த் தமிழர். விறைத்து நிற்கும் மீசை. விஷயத்தை இவர் ஆரம்பிப்பதற்குள்ளேயே, "அதுவா, நம்ம மச்சினன் அனுப்புனது. சிவகாசியில பைண்டிங் பட்டறை வச்சிருக்கான். பாருங்க பாருங்க" என்று பெருமையாக போனை எடுத்தார். இரண்டு நிமிட வீடியோ. அதே கை, அதே வாளி, அதே நீலத் தூள். முப்பது விநாடி தாண்டியது. கை நிமிர்ந்தது. ஒரு முகம் வந்தது. பின்னால் கூரை வரை நோட்டுப் புத்தகங்கள். அந்த மனிதர் ஒரு பிரஷ்ஷால் பசையை எடுத்துப் புத்தகத்தின் முதுகில் தடவி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "இந்தப் பசை போட்டா பத்து வருஷத்துக்குப் பூச்சி அண்டாது மாமா" என்றார்.

ஆதாரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழைத் தண்ணீர் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நடந்ததைக் கேட்ட சுபேதாரின் மீசை மெல்ல இறங்கியது. "என் மச்சினன் உழைக்கிறத வச்சு இன்னொருத்தன் உழைப்பக் கெடுத்தாங்களா? நான் என்ன செய்யணும், சொல்லுங்கம்மா" என்று எழுந்து நின்றார்.

"அந்த வீடியோவ எனக்கு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை நிக்டிக்கு வாங்க."

முழு வீடியோவை அன்றைக்கே குரூப்பில் போட்டோம். ஊரே மன்னிப்புக் கேட்கப்போகிறது என்று எதிர்பார்த்தோம். இரண்டு கட்டைவிரல் வந்தது. மூன்றாவதாக யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். அத்தோடு சரி. வியாழன் அன்றும் பாய் கடை காலியாகவே கிடந்தது. "நான் பார்த்துட்டேன் சார். பசைதான். இருந்தாலும் எதுக்கு ரிஸ்க்கு?" என்றார் பொருளாளர்.

பாய் நூலகத்துக்கே வந்துவிட்டார். "அக்கா, நீங்க இவ்வளவு அலைஞ்சதே போதும். நான் ஊருக்குப் போயிரலாம்னு இருக்கேன்" என்றார்.

"உக்காருங்க பாய். ஊருக்குப் போயி? அங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"பொறவு?" என்றார் ஆதாரம்மா. மேசையைத் தட்டினார். "போன்ல கெட்டுப்போன பேரு போன்லயே சரியாகும்னு நெனச்சேன். ஆகல. சரி, கண்ணுல காட்டிருவோம். உங்க கடை வாசல் எத்தன அடி அகலம்?"

வெள்ளிக்கிழமை நிக்டி முழுக்க ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் எழுதியிருந்தார். 'நூலகம் இந்த ஞாயிறு மாவுக்கடை வாசலில் இயங்கும். பள்ளிக்கூடப் புத்தகங்கள் இலவசமாக பைண்டிங் செய்து தரப்படும்.' பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்த சமயம். அக்கா அண்ணனிடமிருந்து வாங்கிய பழைய புத்தகங்கள், அட்டை பிரிந்த அகராதிகள் என்று வீட்டுக்கு வீடு பெற்றோர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். இது அவருக்குத் தெரியும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே அறுபது எழுபது பேர். டிவியைக் கடை வாசலில் நிறுத்தி சிவகாசி மச்சினனை ஓயாமல் ஓடவிட்டிருந்தார். ஒரு பக்கம் பசை மேசை. இன்னொரு பக்கம், நன்றாகத் தள்ளி, பாயின் மாவும் தோசைக்கல்லும். நடுவில் பாரா: கையில் மூங்கில் கம்போடு சுபேதார். பசையைத் தொட்டவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவி, அவரிடம் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினால்தான் தோசைப் பக்கம் போகலாம். ஆறு வயதுக் குழந்தைக்கும் சலுகை கிடையாது.

ஆதாரம்மா எல்லார் கண் எதிரிலும் ஒரு வாளி மைதாப் பசையைக் கிளறினார். பொட்டலத்தைப் பிரித்தார். நீலத் தூளைக் கொட்டினார்.

கூட்டத்தில் ஒரு மராத்திப் பெண்மணி தன் கணவரை இடித்தார். "அரே, அந்த வீடியோ இதுதானே" என்றார். அவர் பக்கத்து ஆளை இடித்தார். இப்படியே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு விஷயம் கடைசி வரிசை வரை போயிற்று. அங்கே நின்றிருந்த அந்த ஆதார் அட்டை ஆட்டோக்காரர்தான் முதலில் கை கழுவிக்கொண்டு போய் தோசை கேட்டார். பிறகு அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது. பொருளாளர் பேத்தியின் புத்தகங்களோடு கடைசியில் நின்றிருந்தார். கையை சுபேதாரிடம் காட்டியபோது நகத்தில் அழுக்கு என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டார். மூன்றாவது தடவை உள்ளே போய் ஐந்து தோசை சாப்பிட்டார். எண்ணினேன்.

பதினொரு மணிக்குக் கடைச் சொந்தக்காரர் வந்தார். பாயின் முகம் வெளுத்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். ஷட்டரில் இருந்த கரிக் கிறுக்கலைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போய், பக்கம் பக்கமாக உதிரும் ஒரு பழைய பஜனைப் புத்தகத்தைக் கொண்டுவந்து பசை மேசையில் வைத்தார். "பக்கா ஹோகா நா?" என்று கேட்டார், உறுதியாக நிற்குமா என்று.

"பத்து வருஷத்துக்குப் பூச்சி அண்டாது" என்று சிவகாசி மச்சினன் டிவியில் பதில் சொன்னார்.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அச்சாகிவிட்ட புத்தகத்தில் தவறு இருந்தால் பிழைதிருத்தம் என்று ஒரு சின்னச் சீட்டை ஒட்டுவார்கள். அவர் எனக்கும் ஒரு சீட்டும் பேனாவும் தந்தார். என்ன எழுதவேண்டும் என்று சொல்லவில்லை. நானாகவே எழுதினேன். 'நம்ம ஏரியாவிலேயே என்று நான் எழுதியது பிழை. எனக்கு ஒன்றும் தெரியாமல் எழுதினேன்.' கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். பசையைத் தடவி, ஷட்டரில் எல்லாரும் பார்க்கும் உயரத்தில் ஒட்டினேன். ஒட்டிவிட்டுத் திரும்பினால் பாய் நிற்கிறார். அவர் அதைப் படிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை, எனக்கு ஒரு யுகமாக இருந்தது. பிறகு தோசைக்கல் பக்கம் போய் ஒரு தட்டில் தோசையோடு வந்தார். "சூடு ஆறுமுன்ன சாப்பிடுங்க சார்" என்றார்.

மத்தியானம் சுபேதார் கம்பைக் கீழே வைத்தபோது, இவ்வளவுக்கும் ஆரம்பத்தில் அந்த வரியை எழுதிய ஆள் யாரம்மா என்று ஆதாரம்மாவிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சீட்டில் இருந்த பெயர் என்னுடையது என்று அவருக்குத் தெரியாது.

"எங்க நூலகத்து உறுப்பினர்தான்" என்றார் ஆதாரம்மா, அட்டைகளை அடுக்கிக்கொண்டே. "தப்பு விட்டாரு, திருத்திட்டாரு. நல்ல ஆள்."

அதற்குப் பிறகு நிக்டியில் இருந்த மூன்று வருடமும், வேலை முடிந்து வரும்போது இரண்டு தெரு சுற்றி அந்த ஹார்டுவேர் கடை வழியாகத்தான் வருவேன். மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். எரிந்தால் மேலே போகமாட்டேன், அப்படியே வீட்டுக்குப் போய்விடுவேன். எரியாத நாட்களில்தான் வீட்டுக்குப் போகாமல், வண்டியை நிறுத்திவிட்டு, அவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று பார்க்க அவர் வீட்டுப் பக்கம் நடப்பேன்.